வலப்பக்கத்துச் சத்தம்

ஜெயபுரம்,
ஆனி மாதம், 2025.

என் அன்புத் தம்பி வினோதனுக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே அம்மா, அத்தான், பிள்ளைகள், நான் எல்லோரும் சுகம். உன் சுகத்தை விசாரித்துத்தான் கடிதம் தொடங்க வேண்டும். இந்தக் கடிதம் முழுவதுமே அதைப் பற்றியதுதான் என்பதால் ஆறுதலாக அதற்கு வருகிறேன்.

கையில் போன் இருக்கும்போது இவள் ஏன் தாளில் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். உன் அறையில் இன்னும் மூன்று பேர் இருக்கிறார்கள். நான் ஒன்று கேட்டால் அவர்களும் சேர்ந்து பதில் சொல்கிறார்கள். குரல் பதிவு அனுப்பினாலும் நீ அதைப் பெரிதாகப் போட்டுத்தான் கேட்பாய். இது நாலு பேர் கேட்கிற கதை இல்லை. வற்றாப்பளை அம்மாள் கோயில் பொங்கலுக்கு வந்த சுகந்தினி அக்கா வெள்ளிக்கிழமை இலண்டன் திரும்புகிறார். மிளகாய்த்தூளுக்கும் ஒடியல் மாவுக்கும் நடுவில் இதை வைத்துக் கட்டியிருக்கிறேன். திறக்கும்போது தும்மல் வந்தால் என்னைத் திட்டாதே.

நீ அனுப்பிய பாட்டுகள் பத்திரமாக வந்து சேர்ந்தன. உன் ஸ்டூடியோப் பெரியவர் முதல்முறையாக ஒரு முழு இசைத்தட்டை உன் கையில் தந்திருக்கிறார் என்று அறிந்து எனக்குத் தலைகால் புரியவில்லை. எண்பதாம் ஆண்டளவில் நாலு வெள்ளைக்காரப் பெடியள் 'நியூ வேவ்' என்று பெயர் வைத்து அடித்த பாட்டுகளாம். பழைய நாடாக்களில் இருந்து ஒவ்வொரு வாத்தியத்தையும் தனித்தனியாக எடுத்து, கேட்பவரைச் சுற்றி ஐந்து பக்கமும் நிற்க வைப்பதுதான் உன் வேலை என்பதுவரை எனக்கு விளங்கியது. பெரியவர் அதைக் கேட்டுவிட்டு, எங்கேயோ சரிந்து நிற்கிறது, கண்டுபிடித்துத் திருத்து என்றாராம். தேடித்தேடிப் பார்த்தும் உனக்குப் பிடிபடவில்லையாம். மாத முடிவுக்குள் சரியாகக் கொடுத்தால் வேலை நிரந்தரம், இல்லையென்றால் பழையபடி பார்சல் அடுக்கப் போகிறேன் என்று எழுதியிருந்தாய். "அக்கா, நீயும் அத்தானும் கேட்டுட்டு உண்மையைச் சொல்லுங்கோ" என்றும் கேட்டிருந்தாய். உண்மையைக் கேட்டவனுக்கு உண்மைதான் கிடைக்கும். என்னைப் பற்றி உனக்குத் தெரியும்.

முதலில் உன் அத்தான் செய்த கூத்தைக் கேள். கேட்பவரைச் சுற்றி ஐந்து ஸ்பீக்கர் பெட்டி வைக்க வேண்டும் என்று நீ எழுதியதை நான் வாசித்துக் காட்டினேன். பாதியிலேயே, விளங்கிவிட்டது என்று எழும்பிப் போய்விட்டார். இருபது வருடமாகக் கோயிலுக்கும் கலியாணத்துக்கும் ஸ்பீக்கர் கட்டுகிற மனிதருக்குச் சுற்றி வைப்பது என்றால் ஒரே அர்த்தம்தான். நடுவில் நின்றுகொண்டு எல்லாவற்றையும் ஊரைப் பார்த்துத் திருப்பிவிட வேண்டும். வளவில் நிற்கிற பாலை, வேம்பு, புளி ஒன்றையும் விடவில்லை. ஐந்து பெட்டியையும் ஐந்து திசைக்குக் கட்டிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்து, போடு பார்ப்போம் என்றார்.

போட்டேன். நடுவில் நின்ற எங்களுக்கு எல்லாம் கலந்த ஒரு கூழ்தான் கேட்டது. ஊருக்குத்தான் நீ பிரித்துவைத்தது அழகாகப் பிரிந்து போயிருக்கிறது. வயல் பக்கம் வெறும் கிற்றார். பள்ளிக்கூட ஒழுங்கைக்குக் கீபோர்ட். பாட்டுக்காரன் நின்ற பெட்டி குளத்தைப் பார்த்தபடி இருந்தது. அந்த மனிதன் பாவம், அடிமூச்சைப் பிடித்துக்கொண்டு எருமைகளுக்குப் பாடினான். நீ பின்னுக்கு வைத்த கொட்டு முழுக்கத் தங்கராசா அண்ணையின் வீட்டுக்குப் போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் அவர் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு படலையைத் திறந்து வருகிறார். பின்னால் இரண்டு பெண்கள் முகத்தைத் தயார்படுத்திக்கொண்டு வருகிறார்கள். "தங்கச்சி, கொட்டு மட்டும் கேக்குது, ஆர் செத்தது?" என்று மெதுவாகக் கேட்டார். ஒருவரும் சாகவில்லை அண்ணை, இது தம்பி இலண்டனில் செய்த பாட்டு என்றேன். இலண்டனிலும் இப்படித்தான் அடிக்கிறார்களா என்று கேட்டார். அந்தப் பெண்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

அத்தானுக்கு மட்டும் இன்னும் மனம் ஒப்பவில்லை. "ஊருக்குக் கேக்காத பாட்டு என்ன பாட்டு?" என்று புறுபுறுத்துக்கொண்டே பெட்டிகளை இறக்கினார். பிறகு நெல் மூட்டைக் கொட்டிலுக்குள் ஐந்தையும் உள்ளே பார்க்கத் திருப்பி வைத்து, நடுவில் கதிரைகளைப் போட்டோம். கொட்டில் இப்போது காலிதான். சிறுபோகத்துக்குக் குளத்தில் தண்ணீர் காணாது என்று பாதி வயலைத்தான் விதைத்தோம், அதுவும் இன்னும் வெட்டவில்லை. வெள்ளை வேட்டியோடு வந்தவரை அப்படியே திருப்பி அனுப்பக் கூடாது என்று தங்கராசா அண்ணையை நடுக்கதிரையில் இருத்தி, தேத்தண்ணியும் கொடுத்தேன்.

தம்பி, இப்போது சொல்கிறேன், மனதில் வாங்கிக்கொள். பாட்டு மிக நன்றாக இருக்கிறது. அக்கா என்பதற்காகச் சொல்லவில்லை. நீ சமைத்த குழம்பை வாயில் வைக்க முடியாது என்று எத்தனை தரம் உன் முகத்துக்கு நேரே சொன்னவள் நான். அந்தப் பாட்டுக்காரன் என்ன பாடுகிறான் என்று எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. கடன்காரனோடு சண்டை பிடிக்கிற மாதிரித்தான் பாடுகிறான். ஆனால் அவன் முன்னால் நிற்க, அவனுக்குப் பதில் சொல்கிற பெண் குரல்களை நீ முதுகுக்குப் பின்னால் வைத்திருக்கிறாயே, அங்கே நான் திரும்பிப் பார்த்துவிட்டேன். மூன்றாவது பாட்டில் கைதட்டல் ஒவ்வொரு பெட்டியாகக் கொட்டிலைச் சுற்றி வருகிறது. சின்னவள் அதன் பின்னாலேயே ஓடினாள். அம்மா அரிசிச் சுளகை மடியில் வைத்துக்கொண்டு சிரித்தார். தங்கராசா அண்ணை தன் மகள் பெரியவளானதற்குச் செய்யப்போகிற சாமத்தியச் சடங்குக்கு அந்தக் கைதட்டல் பாட்டைத்தான் போட வேண்டுமாம், பெட்டியையும் உள்ளே பார்க்கத்தான் வைக்க வேண்டுமாம். எது எங்கே நிற்க வேண்டும் என்று உனக்குத் தெரிந்திருக்கிறது. அதை ஒருவரும் உனக்குச் சொல்லித்தர முடியாது, உன்னிடம் இருந்து பறிக்கவும் முடியாது.

சரிவு எங்கே என்று கேட்டாய். அதையும் கண்டுபிடித்துவிட்டோம். நாலாவது பாட்டுக்குள் தங்கராசா அண்ணை தன் கதிரையை இழுத்து இழுத்து இடப்பக்கம் போய்விட்டார். ஏன் என்று கேட்டேன். "அந்தப் பக்கம் காதுக்குள்ள குத்துது தங்கச்சி" என்றார். நானும் நடுவில் இருந்து கேட்டேன். உண்மைதான். வலப்பக்கத்தில்தான் குத்துகிறது. அதிலும் கீச்சென்ற சத்தங்கள், தாளத்தட்டு, கிற்றாரின் நுனி, எல்லாம் ஊசி மாதிரி வருகின்றன.

அத்தான் முதலில் பெட்டியைக் குற்றம் சொன்னார். முன் வலதையும் பின் வலதையும் மாற்றி வைத்தார். அம்ப்பையும் மாற்றினார். கடைசியில் வலதுக்குப் போகிற வயர்களைக் கழற்றி இடதுக்குக் கொடுத்தார். குத்தல் வயரோடு சேர்ந்து இடப்பக்கத்துக்கு வந்துவிட்டது. பெட்டியில் பிழை என்றால் அது பெட்டியோடுதான் நின்றிருக்கும். இது பாட்டுக்குள்ளேயே இருக்கிறது. ஒரு பாட்டில் என்றால் கை தவறிவிட்டது என்று விடலாம். ஒன்று விடாமல் எல்லாப் பாட்டிலும் அதே அளவு, அதே பக்கம்.

அத்தான் என்னைப் பார்த்தார். வயர் சுற்றப் போய்விட்டார். நெஞ்சை அடைத்தால் அவர் வயர் சுற்றுவார் என்பது உனக்கும் தெரியும்.

வினோதன், உனக்கு வலது காது சரியாகக் கேட்கவில்லை. அதனால்தான் உனக்குச் சமமாகக் கேட்கும்வரை அந்தப் பக்கத்தைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறாய். கடைசிச் சண்டையில் மாத்தளனில் நாங்கள் ஒளிந்திருந்த பங்கருக்கு வலப்பக்கம் ஷெல் விழுந்தபோது உனக்குப் பதினாலு வயது. காதால் இரத்தம் வந்தது. பிறகு அகதி முகாமில் மருந்து விட்டார்கள், நீயும் சுகம் என்றாய், நாங்களும் அதோடு விட்டுவிட்டோம். அந்த நாட்களில் கை கால் போகாதவனை எல்லாம் சுகம் என்றுதானே சொன்னோம்.

இதை அம்மாவுக்குத் தெரியாமல் வைத்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்தேன். பெட்டியில் ஏதோ கோளாறு என்று சும்மா ஒரு பொய்யைத் தொடங்கினேன். அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே, தலை நிமிராமல், "அவனுக்கு அந்தப் பக்கம் கேக்காதுல்ல, அதான் கூட வச்சிருக்கான்" என்றார். ஜெயபுரத்துக்கு வந்து இத்தனை வருடம் ஆகியும் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்துப் பேச்சு அவரை விட்டுப் போகவில்லை, அது உனக்குத் தெரியும். எப்போதிருந்து தெரியும் என்று கேட்டேன். "பங்கர்ல இருந்து வெளிய வந்த அன்னிக்கே தெரியும். பின்னால நின்னு கூப்பிட்டா இடப்பக்கமாத்தான் திரும்புவான். நான் எப்பவும் இடப்பக்கம் போய்த்தான் அவனைக் கூப்பிடுவேன்" என்றார்.

பிறகு ஏன் ஒருநாளும் சொல்லவில்லை என்று கோபப்பட்டேன். எனக்குக் கோபம் வருவதற்கு நேரம் காலம் இல்லைத்தானே. அப்போதுதான் சுளகைக் கீழே வைத்தார். அன்றைக்கு உன்னை வலப்பக்க ஓரத்தில் படுக்க வைத்தது தான்தான் என்றார். நான் காய்ச்சலோடு கிடந்தேனாம், என்னை நடுவில் போட்டுவிட்டு உன்னை ஓரத்துக்குத் தள்ளினாராம். முகாமில் நீ அவர் முகத்தைப் பார்த்து, "இப்ப நல்லாக் கேக்குதம்மா" என்று சொன்னாயாம். அவருக்காகத்தான் சொல்கிறாய் என்று விளங்கியதாம். பிள்ளை இவ்வளவு பாடுபட்டு மறைக்கிறான், அதைப் போய் எப்படிக் கிளறுவது என்று பேசாமல் இருந்துவிட்டாராம்.

உங்கள் இருவரையும் என்ன செய்வது? அவருக்கு நோகக் கூடாது என்று நீ. உனக்கு நோகக் கூடாது என்று அவர். நடுவில் படுத்த நான் ஒன்றும் தெரியாமல் இத்தனை வருடம் உங்கள் இருவரோடும் சண்டை பிடித்துக்கொண்டு திரிந்திருக்கிறேன். அன்று பின்னேரம் கிணற்றடிக்குப் போய் நன்றாக அழுதேன். இப்போது பரவாயில்லை.

இனி நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். பார்சல் அடுக்கப் போகிற கதையை இன்றோடு விடு. நாங்கள் மிக்சரில் வலப்பக்கத்துக் கீச்சை மட்டும் மூன்று டெசிபல் இறக்கினோம். தங்கராசா அண்ணையின் கதிரை தானாக நடுவுக்கு வந்துவிட்டது. உன் பாட்டில் வேறு பிழை ஒன்றும் இல்லை. அந்தளவையே நீயும் இறக்கு. பிறகு பெரியவரிடம் நேரே போய், எனக்கு வலது காது குறைவு, அந்தப் பக்கத்துக்கு இன்னொருவரின் காது வேண்டும் என்று சொல். தலையைக் குனிந்துகொண்டு சொல்லாதே. ஒரு காதை வைத்துக்கொண்டு ஐந்து பக்கத்தையும் இப்படி நிறுத்தியவன் நீ. அவர் வேலை தெரிந்த மனிதர் என்றால் உன்னை விடமாட்டார். விட்டால் நட்டம் அவருக்குத்தான், வேறு ஸ்டூடியோ தேடிக்கொள்ளலாம். அத்தானும் இதையே சொல்லச் சொன்னார்.

காது டொக்டரிடம் இந்த மாதமே போ. பிந்திவிட்டது, ஒன்றும் செய்ய முடியாது என்று அவர்கள் சொல்லக்கூடும். சொல்லட்டும். மற்றக் காதைக் காப்பாற்றவாவது வழி கேட்டுக்கொண்டு வா. ஹெட்போன் போட்டுக்கொண்டு நித்திரை கொள்கிறாய் என்று சுகந்தினி அக்கா சொன்னார். அதை நிறுத்து.

கடைசியாக ஒன்று. ஞாயிற்றுக்கிழமை அம்மா உன்னோடு கதைப்பார். சாப்பிட்டாயா, குளிரா என்று எப்போதும் போலக் கேட்பார். பிறகு, காது எப்படி என்று கேட்கப் போகிறார். இத்தனை வருடத்தில் முதல்முறையாகக் கேட்கப் போகிறேன் என்று என்னிடம் சொல்லிவிட்டு, அதை எப்படித் தொடங்குவது என்று குசினிக்குள் தனியே கதைத்துப் பார்க்கிறார். அறையில் மற்றவர்கள் இருந்தால் வெளியே போய் நின்று கதை. பொய் சொல்லிவிடாதே, என் ராசா. கேட்கவில்லை அம்மா என்று ஒரு தரம் அவரிடம் சொல். அவர் அழுவார், அழட்டும். நான் பக்கத்தில் இருக்கிறேன்.

வற்றாப்பளை அம்மாள் உனக்குத் துணை நிற்பாள்.

உன்னைத் திட்டுவதற்கு உரிமையுள்ள,
உன் அக்கா
ராஜினி