நாலு மாடிச் சந்தியாகோ

19 மார்ச் 2020, வியாழன்

சூசையப்பர் திருநாள். ஊரடங்கு. என் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிக்குப் பூட்டுப் போட்டாயிற்று. இந்த வருடம் பார்த்துத்தானா குடியிருப்புத் தலைவர் பதவி முறை வைத்து என் தலையில் விழ வேண்டும்? படிக்கட்டு விளக்கு எரியவில்லை, குழாய் ஒழுகுகிறது என்ற புகார்களோடு வருடம் ஓடிவிடும் என்று நினைத்திருந்தேன்.

மதியம் நாலாவது மாடி ஒனோரியோவை ஆம்புலன்ஸில் கொண்டுபோனார்கள். லிஃப்ட் இல்லாத கட்டடம். வெள்ளை உடை போட்ட இருவர் அவனை நாற்காலியில் உட்கார வைத்து மாடி மாடியாக இறக்கினார்கள். நான் கதவுத் துளை வழியாகப் பார்த்தேன். என் வாசலைத் தாண்டும்போது, நான் பார்ப்பேன் என்று தெரிந்தவன் போல, கையைத் தூக்கிக் காட்டினான். அவன் மனைவி ஃபெலிசாவைக் கூடப் போக விடவில்லை. இரண்டு வாரம் வீட்டைவிட்டு வெளியே தலை காட்டக் கூடாது என்று அவளுக்கு உத்தரவு.

தெருவில் ஈ காக்கை இல்லை. மார்ச் பிறந்தால் எங்கள் தெரு வழியாக சந்தியாகோ கோயிலுக்கு நடந்துபோகும் யாத்திரிகர்களின் கைத்தடிச் சத்தம்தான் எங்களை எழுப்பும். ஒனோரியோ பால்கனியில் உட்கார்ந்து, நொண்டிக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்து, "சந்தியாகோவுக்கு பஸ் இருக்குங்க!" என்று கத்துவான். இந்த லொக்ரோஞோ ஊரிலேயே பிறந்து வளர்ந்தவன், ஒரு நாள்கூட அந்தப் பாதையில் நடந்ததில்லை. நானும்தான்.

27 மார்ச்

ஒனோரியோவுக்கு மூச்சு விடக் குழாய் போட்டுவிட்டார்கள். மயக்கத்தில் வைத்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து நாளுக்கு ஒரே ஒரு போன்தான் வருமாம்.

4 ஏப்ரல், சனி

ஃபெலிசாவின் இரண்டு வாரம் முடிந்தது. காலையில் படிக்கட்டில் தட் தட் என்று சத்தம். திறந்து பார்த்தால், முகக்கவசம், முதுகுப் பை, கையில் துடைப்பக் கட்டை. புத்தி பேதலித்துவிட்டதோ?

"எங்க கிளம்பிட்டீங்க?"

"சந்தியாகோவுக்கு, தலைவரே. கடைசி நூறு கிலோமீட்டர், சாரியா ஊர்ல இருந்து ஆரம்பிக்கிறேன். சாரியா நம்ம வாசக் கதவு. மேல பரண் கதவைத் தொட்டுட்டு இறங்கினா ஒரு நடை."

வேண்டுதலாம். ஒனோரியோ உயிரோடு வீடு திரும்ப வேண்டும், அதற்காக சந்தியாகப்பர் கோயிலுக்கு நடந்தே வருகிறேன் என்று நேர்ந்துகொண்டாளாம். ரோட்டில் இறங்கினால் போலீஸ் அபராதம் போடும். "அதுக்காக அவரைக் காத்திருக்கச் சொல்ல முடியுமா?" என்றாள். அவர் என்றது அப்போஸ்தலரையா ஒனோரியோவையா என்று நான் கேட்கவில்லை.

பையிலிருந்து ஒன்றை எடுத்துக் காட்டினாள். வழி நெடுக முத்திரை வாங்குகிற யாத்திரைச் சீட்டு. யாத்திரிகர் சத்திரத்தில் கொடுக்கிற அசல் சீட்டு இல்லை. சத்திரமே மூடிக் கிடக்கிறதே. அவள் வேலை பார்க்கிற திரைச்சீலைக் கடையின் மாதிரி அட்டைகளிலிருந்து துணிகளை உரித்தெடுத்துவிட்டு, வெறும் அட்டைகளை மடித்து, ஓரம் தைத்திருக்கிறாள். விசிறிபோல் விரிகிறது. முதல் பக்கத்தில் பெயர், ஊர், புறப்பட்ட தேதி, "காரணம்: கணவர்". பக்கம் பக்கமாக முத்திரைக்குக் கட்டம். அடிக்கோல் வைத்துப் போட்ட கோடுகள். உரித்த இடத்தில் சில நூல்கள் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இவ்வளவு ஒழுங்கான ஒரு காகிதத்தை என் மாணவர்கள் யாரும் என்னிடம் நீட்டியதில்லை.

சிரிக்கலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். வரவில்லை.

6 ஏப்ரல்

மூன்றாவது மாடி ஊஷியா பல் டாக்டர். சந்தியாகோ இருக்கிற கலிசியாக்காரி, அந்தப் பாதை அவள் ஊர் வழியாகத்தான் போகிறது. இதில் அவளுக்குத்தான் குஷி. தன் கிளினிக் முத்திரையைக் குத்திக் கொடுத்திருக்கிறாள். பரண் கதவில் சுண்ணாம்புக் கட்டியால், சாரியாவை அடுத்து யாத்திரிகர்கள் தங்கும் ஊரின் பெயரை, "போர்த்தொமரீன்" என்று எழுதியிருக்கிறாள். ரொட்டிக் கடை, மருந்துக் கடை என்று ஃபெலிசா சாமான் வாங்கப் போகிற இடத்திலெல்லாம் சீட்டை நீட்டுகிறாளாம். மருந்துக் கடைக்காரர் அழுதுவிட்டாராம்.

8 ஏப்ரல்

நினைத்தேன், வந்துவிட்டது. இரண்டாவது மாடி தோன் லெயாந்த்ரோ போன் செய்தார்.

"கொன்ராதோ, அது படிக்கட்டா, ஊர்ச் சந்தையா? நோய் இருந்த வீட்டுப் பொம்பள என் வாசல்ல மூச்சு வாங்கிக்கிட்டு நாள் பூரா போறா வர்றா. எனக்கு உருப்படியா இருக்கிறது ஒரு நுரையீரல்தான். செத்தா நீயா வந்து பொறுப்பேத்துக்குவ?"

மனிதர் சொல்வதில் தப்பில்லை. எண்பதைத் தாண்டியவர். ஊரடங்கு தொடங்கியதிலிருந்து கதவையே திறக்கவில்லை. கூடையைக் கயிற்றில் கட்டி ஜன்னல் வழியாக இறக்கித்தான் சாமான் வாங்குகிறார். விதி என்றால் விதி. பொது இடத்தில் நடமாட்டம் கூடாது என்று ஓர் அறிவிப்பு டைப் அடித்து, கீழே ஒட்டினேன்.

ஒட்டிவிட்டுத் திரும்பினால் ஃபெலிசா நிற்கிறாள். முழுதாகப் படித்தாள். சண்டை போடுவாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"முத்திரை இல்லாம இது செல்லாதே, தலைவரே."

அவள் சொன்னது சரிதான். வீட்டுக்குள் போய்க் குடியிருப்பு முத்திரையை எடுத்துவந்து குத்தினேன். அவள் தன் சீட்டை நீட்டினாள். "மை காயறதுக்குள்ள இதுலயும் ஒண்ணு." குத்தினேன். வேறென்ன செய்ய? தேதியையும் எழுதச் சொன்னாள். பிறகு பையை மாட்டிக்கொண்டு மேலே போய்விட்டாள்.

நடக்காதே என்று சொன்ன முத்திரையே நடந்ததற்கும் சாட்சி. இந்தப் பொம்பளையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

9 ஏப்ரல்

படிக்கட்டில் சத்தம் இல்லை. நிம்மதியாக இருக்க வேண்டும். இல்லை.

11 ஏப்ரல்

ஊஷியா கதவைத் தட்டி, தூரத்தில் நின்று பேசினாள். ஃபெலிசா வீட்டுக்குள்ளேயே நடக்கிறாளாம், சமையலறைக்கும் படுக்கையறைக்கும். "என் தலைக்கு மேல கேக்குது தலைவரே. சுவத்துல முட்டிட்டுத் திரும்புற மாதிரி இருக்கு." நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து வந்த போனில், ஒனோரியோவுக்குச் சிறுநீரகமும் சரியில்லை, தயாராக இருங்கள் என்றார்களாம். தயாராக இருப்பதென்றால் எப்படி இருப்பது? என்னத்தச் சொல்லித் தொலைக்கிறானுங்க!

தோன் லெயாந்த்ரோவுக்கு நானே போன் போட்டு உறுதி கொடுத்தேன். மதியம் அவர் தூங்குகிற நேரத்தில் மட்டும் நடப்பாள். கைப்பிடியைத் தொட மாட்டாள். நடந்து முடித்ததும் நானே ப்ளீச் போட்டுத் துடைப்பேன். அவர் வாசலில் நிற்க மாட்டாள், பேச மாட்டாள்.

"நீயா துடைப்ப?"

"நானேதான், ஐயா."

"தூங்கும்போது நடந்துட்டுப் போகட்டும்" என்று வைத்துவிட்டார்.

அறிவிப்பைக் கிழித்தேன்.

12 ஏப்ரல், உயிர்ப்பு ஞாயிறு

நடக்கிறாள். துடைத்தேன்.

16 ஏப்ரல்

ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. கடைசி நூறு கிலோமீட்டருக்கு நாளொன்றுக்கு இரண்டு முத்திரை வேண்டும் என்பது விதி. சாரியாவில் தொடங்கினால் எல்லா நாளும் இரண்டு. இவள் பல நாள் ஒன்றோடு நிறுத்தியிருக்கிறாள். சொல்லவா வேண்டாமா என்று யோசித்துவிட்டுச் சொன்னேன்.

கண் மட்டும்தான் தெரிகிறது, ஆனாலும் சிரிக்கிறாள் என்று தெரிந்தது. "என்னை நிறுத்தப் பாத்தீங்க, இப்ப பரிட்சை வைக்கிறீங்களா?"

"குறை வைக்கக் கூடாதில்லையா."

இனி காலை முத்திரை ஊஷியாவுடையது. மாலைக்கு என் பயிற்சிப் பள்ளி முத்திரை. ஸ்டியரிங் படம் போட்டது, அழகாக விழுகிறது. விடுபட்ட முத்திரைகளையும் இப்போதே குத்தித் தரட்டுமா என்று கேட்டேன். முகம் மாறிவிட்டது. "அன்னிக்கு வாங்காத முத்திரையை இன்னிக்குக் குத்தறதா? அவர்கிட்ட போயி பொய் சொல்லச் சொல்றீங்களா?" முத்திரை குறைந்த நாட்களை மறுபடி நடக்கப்போகிறாளாம். போர்த்தொமரீனுக்குத் திரும்பிப் போய்விட்டாள்! ஊஷியா பரண் கதவில் அழித்து எழுதினாள்.

இருபத்தெட்டு வருடமாக ஊருக்கே விதி சொல்லிக் கொடுக்கிறேன். இந்த மாதிரி ஒருத்தியைக் கண்டதில்லை.

24 ஏப்ரல்

மெலீதே வந்துவிட்டாள்! ஆக்டோபஸுக்குப் பேர்போன ஊராம். மூன்றாம் மாடி முழுக்க ஆக்டோபஸ் வேகிற வாசனை. மெலீதே வரை வந்துவிட்டு அதைச் சாப்பிடாமல் போனால் யாத்திரை செல்லாது என்று ஊஷியா அடம்பிடித்தாள். மிளகாய்த் தூள் தூவி, எண்ணெய் ஊற்றி, மூடி வைத்து, வாசலுக்கு வாசல் ஒரு தட்டு. தோன் லெயாந்த்ரோவின் வாசலிலும் ஒன்று வைத்தாள். மாலையில் போய்ப் பார்த்தேன், தொடவே இல்லை. ஆறிப் போயிருந்தது. பயம் மனிதனை என்ன பாடு படுத்துகிறது.

ஒனோரியோ அப்படியேதான் இருக்கிறான்.

2 மே, சனி

இன்றுமுதல் வெளியே நடக்க அனுமதி. ஊரே தெருவில் இறங்கிவிட்டது. "இனி ரோட்டிலேயே நடக்கலாமே" என்று ஃபெலிசாவிடம் சொன்னேன். இந்தப் படியில் தொடங்கியதை இந்தப் படியிலேயே முடிப்பதாகச் சொல்லிவிட்டாள். கெண்டைக்கால் மரக்கட்டை மாதிரி ஆகிவிட்டதாம், "ஒனோரியோ வந்து பாக்கும்போது பயந்துடுவாரு" என்றாள்.

பாக்கும்போது, என்கிறாள். சந்தேகமே இல்லாமல்.

5 மே

குழாயை எடுத்துவிட்டார்கள்! தானாக மூச்சு விடுகிறான். எட்டு மணிக்கு வழக்கம்போல எல்லாரும் பால்கனியில் நின்று டாக்டர்களுக்காகக் கைதட்டியபோது நான் மடத்தனமாகக் கத்தினேன்.

8 மே

கோசோ குன்றுக்கு வந்துவிட்டாள். அங்கிருந்து பார்த்தால் கோயில் கோபுரம் தெரியுமாம். எஞ்சியிருப்பது ஒரு பிற்பகல் நடை. நேற்று நடக்கவில்லை. இன்றும் நடக்கவில்லை.

படியில் உட்கார்ந்திருந்தாள். நான் நாலு படி கீழே உட்கார்ந்தேன்.

"போய்ச் சேந்துட்டா அப்புறம் கேக்கறதுக்கு என்ன இருக்கு, தலைவரே? நான் வந்துட்டேன்னு சொல்லி, அவரு வரலன்னா?"

அதுவரை அவளுக்குப் பயமே கிடையாது என்று நினைத்திருந்தேன். பயந்துகொண்டேதான் இத்தனை நாளும் நடந்திருக்கிறாள். "கால் வலிக்குதுன்னு சத்திரத்துல தங்கறதில்லையா, அந்த மாதிரி இருங்க" என்று எதையோ உளறினேன்.

18 மே, திங்கள்

எல்லாவற்றையும் எழுத வேண்டும். இன்று காலைவரை ஃபெலிசா கோசோ குன்றைத் தாண்டவில்லை.

காலை பதினொரு மணிக்கு ஒனோரியோவை ஆம்புலன்ஸில் கொண்டுவந்தார்கள். வாசலில் இறக்கினார்கள், அடுத்த அழைப்பு வந்தது, ஓடிவிட்டார்கள். பாதி ஆள்தான் திரும்பியிருக்கிறான். கால்சட்டையைக் கயிற்றால் கட்டியிருக்கிறான். தாடி. ஃபெலிசா அவனைத் தொடவில்லை முதலில். சுற்றிவந்து பார்த்தாள், அவன்தானா என்று பார்க்கிற மாதிரி. பிறகு கழுத்தைக் கட்டிக்கொண்டாள். ஊஷியா வேலைக்குப் போயிருந்தாள். நான் ஒருவன் நின்று மூக்கை உறிஞ்சினேன்.

முதல் மாடிக்கு ஏறவே வெகு நேரம் ஆனது. என் வாசலில் நாற்காலி போட்டிருந்தேன். உட்கார்ந்தான். ஃபெலிசா சீட்டை எடுத்து மடியில் வைத்தாள். பக்கம் பக்கமாகப் பிரித்துப் பார்த்தான். "பைத்தியம்" என்றான். "நீ நடந்தியா, இதெல்லாம்?" பிறகு என்னைப் பார்த்து, "யோவ், எனக்கும் ஒண்ணு குத்துய்யா. நானும் நடந்தேன்ல" என்றான். குத்தினேன். கோணலாக விழுந்தது.

இரண்டாவது மாடிக்கு இரண்டு படி இருக்கும்போது அவன் முழங்கால் மடங்கிவிட்டது. உட்கார்ந்துவிட்டான். உதடு நீலம். மேலே போக முடியாது, கீழே போகவும் முடியாது. நாற்காலியில் தூக்கிப் போகிறேன் என்றேன். "நான் என்ன பியானோவா?" என்றான், குரலே எழவில்லை. ஃபெலிசா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்கு வேண்டாம்.

அப்போது தோன் லெயாந்த்ரோவின் கதவு சங்கிலி அளவுக்குத் திறந்தது. மூக்கும் ஒரு கண்ணும்.

"என்ன சத்தம் அங்க?"

திட்டப்போகிறார் என்றுதான் நினைத்தேன். ஃபெலிசா எழுந்தாள். மேலங்கிப் பையிலிருந்து சீட்டை எடுத்து, கையை முழுதாக நீட்டி, சங்கிலி இடுக்கில் கொடுத்தாள்.

"ரெண்டு யாத்திரிகருங்க, ஐயா. ஒருத்தருக்கு நடக்க முடியல. ஒரு ராத்திரி படுக்க இடம் கிடைக்குமா?"

சீட்டு உள்ளே போனது. கதவு சாத்திக்கொண்டது.

அவ்வளவுதான், சீட்டும் போயிற்று என்று நினைத்தேன். உள்ளே அட்டை புரளுகிற சத்தம் கேட்டது. நிதானமாக, ஒவ்வொரு பக்கமாக. பிறகு சங்கிலி விழுந்தது. கதவு முழுதாகத் திறந்தது. இரண்டு முகக்கவசம், கையுறை, கோட்டு, டை. டை எப்போது கட்டினார்?

"இது அசல் சீட்டு இல்ல" என்றார்.

"இல்லைங்க."

"ஆனா நாளுக்கு ரெண்டு முத்திரை இருக்கு." மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்தார். "வலது பக்கத்து அறை. செருப்பை வெளிய விடணும். அது சத்திரத்து வழக்கம்."

ஒனோரியோவின் ஒரு பக்கம் ஃபெலிசா, இன்னொரு பக்கம் நான். நுழையும்போது அந்தக் கிழவர் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நின்றார். ஆனால் உள்ளே ஓடி ஒளியவில்லை.

19 மே

ஊஷியா வீட்டிலிருந்து ஃபெலிசாவுக்குச் சூப் போனது. தோன் லெயாந்த்ரோ அதை வாங்கி, தட்டுகளில் தானே பரிமாறினாராம்.

மதியம் எனக்குப் போன். "கொன்ராதோ, சத்திரத்துல ஒரு ராத்திரிக்கு மேல தங்கக் கூடாதாமே, நிஜமா?"

"ஆமாங்க. ஆனா உடம்பு சரியில்லாதவங்க ரெண்டாவது ராத்திரி தங்கலாம்."

"அப்படியா. அப்ப சரி."

20 மே

மறுபடி போன். பின்னால் ஒனோரியோ சீட்டுக்கட்டைக் கலைத்துக்கொண்டே, "ஐயா ஏமாத்தறாரு, ஏமாத்தறாரு" என்கிற சத்தம்.

"கொன்ராதோ, மூணாவது ராத்திரிக்கும் ஏதாவது விதி இருக்கா? பாத்துச் சொல்லேன்."

அப்படி ஒரு விதி கிடையாது. இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.