என் களத்தில் மேகம் பார்க்கும் கேமரா

தை 2, புதன்

காலையில் மூடுபனி. அப்புறம் வெயில். காப்பிப் பழம் பறித்தாயிற்று, ஆறு மூட்டை. காயப்போடக் களம் மெழுகி வைத்திருந்தேன். போய்ப் பார்த்தால் நடுக்களத்தில் முக்காலி, அதன்மேல் வானத்தைப் பார்த்து ஒரு கேமரா! மேகத்தின் சூட்டை அளக்கிறதாம். வெளியூரிலிருந்து வந்த சார் ஒருத்தர் வைத்தது. இடம் கொடுத்தது என் மகன் மணி. என்னைக் கேட்கவில்லை. போன வருஷம் பலா மரத்தை எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டருக்குக் குத்தகைக்கு விட்டபோதும் கேட்கவில்லை.

"களத்துல எதுவும் போடக் கூடாதுன்னு சார் சொல்லிட்டாருங்கம்மா."

"மேகத்துக்குச் சூடு இருந்தா என்ன, சளி புடிச்சா என்ன? எம் பழம் எங்கடா காயும்?"

ஆறு மூட்டையையும் சுவரோரம் இழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டான்.

தை 5, சனி

நல்ல வெயில், வீணாய்ப் போகிறது. உப்பு தீர்ந்தது. சுவரோர மூட்டைக்குள் கை விட்டேன். கொதிக்கிறது. புளித்த வாடை. என் வருஷத்துக் கைச்செலவுக்கு அது ஒன்றுதான். பக்கத்து வீட்டு மேரிக்குக் கிண்டல்: "ஏனுங்க பெரியம்மா, உங்க ஊட்டு மேகம் நல்லாக் காயுதுங்களா?" இருக்கட்டும். மறக்க மாட்டேன்.

தை 8, செவ்வாய்

மேகம். சார் சின்ன டி.வி.யில் படம் காட்டினார். வெறும் வானம் குளிர்ச்சி, கறுப்பு. மேகம் அதைவிடச் சூடு, வெளுப்பு. துடைப்பதற்காகக் கேமராவைச் சாய்த்தார். படத்தில் எங்கள் சுவர். சுவரோரம் வெள்ளை வெளேரென்று ஆறு திட்டு.

"என்னம்மா அது? நெருப்பா?"

"நீங்க காயப்போடக் கூடாதுன்ன காப்பிப் பழமுங்க. நொம்ப நல்லா வேகுது."

"நான் எப்பம்மா சொன்னேன்? கேமரா மேலதானே பார்க்குது! அதுமேல குனியாதீங்க, பக்கத்துல புகை போடாதீங்க, மணிகிட்ட அவ்வளவுதான் சொன்னேன்."

மணி தரையைப் பார்த்தான். "சார் கோவிச்சுக்குவாரோன்னு நானாத்தான்..."

தொடைநடுங்கி. சட்டையை உள்ளே விட்டவன் எவன் வந்தாலும் இவனுக்கு முதுகு வளைந்துவிடும்.

தை 9, புதன்

வெயில். முதல் இரண்டு மூட்டை கொட்டியாயிற்று. பாதி பூசணம். கேமரா இன்னும் ஒரு மாதம் இருக்கட்டுமா என்று சார் கேட்டார். யாரை? மணியை! அவன், "அம்மாவைக் கேளுங்க சார்" என்றான். இப்போது வருகிறது புத்தி.

"பூசணத்தைப் பொறுக்கி முடிச்சப்புறம் சொல்றனுங்க" என்றேன்.

"யாரும்மா பொறுக்குவாங்க?"

சாரும் மணியும் களத்தில் குந்திப் பொறுக்குகிறார்கள். இன்னும் நாலு மூட்டை கிடக்கிறது.