தூக்கினானா, அழுத்தினானா

அன்புள்ள சுண்டெலிக்கு,

அப்பா எழுதுவது. இங்கு யாவரும் சுகம் என்று தொடங்கத்தான் விரல் போகிறது, ஆனால் அதில் பாதிக்கு மேல் பொய்யாகிவிடும். அதனால் இப்படி வைத்துக்கொள்: நாங்கள் உயிரோடு இருக்கிறோம், மூன்று வேளையும் சாப்பிடுகிறோம், நீ அங்கே நன்றாக இருந்தே ஆக வேண்டும். போனில் சொல்லியிருக்கலாம். போனில் என்றால் நீ நடுவில் புகுவாய், நான் கத்துவேன், அம்மா போனைப் பிடுங்கி ஒண்ணுமில்லடி என்பாள், கதை அதோடு முடிந்தது. எழுத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. முதலில் நீ கேட்ட மீன் விஷயம் வரும், அதோடு நிறுத்திவிடாமல் கடைசி வரி வரை படி.

இரண்டடித் தொட்டிக்கு நீ போட்டிருக்கும் மீன் பட்டியலைப் பார்த்தேன். அது பட்டியல் இல்லை, கொலைத் திட்டம். ஃபைட்டரும் கப்பியும் ஒன்றாக வேண்டும் என்கிறாய். ஆண் கப்பியின் கலர் வாலைப் பார்த்ததும் இன்னொரு ஃபைட்டர் வந்துவிட்டது என்று அது நினைக்கும், முதலில் வாலைக் கிழிக்கும், அப்புறம் வயிற்றை. டைகர் பார்ப் இரண்டு போதும் என்கிறாய். இரண்டாக விட்டால் ஏஞ்சலுக்குக் கீழே தொங்கும் நூல் மாதிரித் துடுப்பைக் கடித்துக் கடித்து மொட்டையாக்கும். கும்பலாக விட்டால் தங்களுக்குள் அடித்துக்கொண்டு மற்றவர்களைக் கொஞ்சம் மறந்திருக்கும், ஆனால் கும்பலுக்கு உன் தொட்டியில் இடமில்லை. ஏஞ்சல் குட்டியாக இருக்கும்போது நியானோடு அழகாகத் திரியும், வளர்ந்ததும் அதே நியானை விழுங்கிவிட்டு ஒன்றும் தெரியாத முகத்தோடு நிற்கும். கோல்டுஃபிஷ் யாரையும் கடிக்காது, ஆனால் அது தின்று கழிக்கிற வேகத்துக்குச் சின்னத் தொட்டியில் மற்றவை அந்தக் கழிவிலேயே செவுள் வெந்து சாகும், செடியையும் வேரோடு பிடுங்கும். ஆஸ்கார் பற்றிப் பேச்சே வேண்டாம், வாயில் கொள்வதெல்லாம் அதற்குச் சாப்பாடு. ஆகவே நியான் ஒரு பத்து, அடியில் மேய கோரி ஒரு ஆறு, அவ்வளவுதான். இரண்டும் ஒரே மாதிரித் தண்ணீர் கேட்கும், ஒன்றின் வாயில் மற்றது நுழையாது. செடிக்கு ஜாவா ஃபெர்னும் அனுபியாஸும் வாங்கு, கட்டையில் நூலால் கட்டு, அந்தத் தடித்த தண்டை மணலில் புதைத்தாயோ அழுகிவிடும். பின்பக்கம் வாலிஸ்நேரியா, நாடா மாதிரி உயரமாக வளரும். செடி அழகுக்கு மட்டும் இல்லை, துரத்தப்படும் மீன் ஒளிய வேண்டும், துரத்தும் மீனின் கண்ணுக்குக் குறுக்கே ஏதாவது நிற்க வேண்டும். தண்ணீர் ஊற்றிய அன்றே மீனை விடாதே. ஒரு சிட்டிகை மீன் தீனியைப் போட்டு ஃபில்டரை வாரக்கணக்கில் ஓடவிடு, அம்மோனியாவும் நைட்ரைட்டும் சோதனையில் பூஜ்யம் காட்டிய பிறகுதான் மீன். அவசரப்படுவது என் குணம், அதையாவது என்னிடமிருந்து எடுத்துக்கொள்ளாதே.

இப்போது விஷயம். மாமா வெள்ளிக்கிழமை வருகிறார், தொட்டியை அவரே அமைத்துத் தருவாராம், கையோடு ஒரு சூப்பர் மீன் கொண்டுவருவாராம் என்று சிரிக்கும் பொம்மை போட்டு எழுதியிருக்கிறாய். அவனை உள்ளே விடாதே. கோபித்துக்கொள், பரவாயில்லை, இந்தக் கடிதம் முழுக்க அவனை அவன் என்றுதான் எழுதப்போகிறேன். உனக்குச் சைக்கிள் விடக் கற்றுத் தந்தவன், உன் பிறந்தநாளை நான் மறந்தபோதெல்லாம் மறக்காதவன், எல்லாம் எனக்கும் தெரியும். அத்தை அவனை விட்டுத் தன் அம்மா வீட்டுக்குப் போன பிறகு அவன் நம் வீட்டில் வந்து தங்கினான் அல்லவா, வந்த வாரமே ஒரு ஃப்ளவர்ஹார்ன் மீன் குட்டியைக் கவரில் தூக்கிக்கொண்டு வந்தான், கட்டைவிரல் அளவு. வேண்டாம் என்றேன். பச்சப்புள்ள மச்சான், இது என்ன பண்ணிடப் போவுது, அட்ஜஸ்ட் பண்ணிக்கும் என்றான். நான் லிஃப்ட் சர்வீஸ்காரன், எட்டுப் பேர் ஏறும் பெட்டியில் ஒன்பதாவது ஆள் அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம் என்றாலே எனக்குக் காதில் புகை வரும். அம்மாதான், ஆசையா வாங்கிட்டு வந்திருக்கான், விடுங்க என்றாள். நீ இங்கே விட்டுப்போன தொட்டியில் அது வளர்ந்தது. முதலில் செடிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி மிதக்கவிட்டது, ஒளிய இடம் இல்லாமல் போனதும் வேட்டை தொடங்கியது. உன் ஏஞ்சல் ஜோடியில் பெண் மீனின் ஒரு கண்ணைத் தோண்டியது, ஒற்றைக் கண்ணோடு சுற்றிக்கொண்டிருந்ததை மறுபக்கமாக வந்து இன்னொரு கண்ணையும் எடுத்தது. ஆண் ஏஞ்சலை ஃபில்டர் மூலையில் முட்டிச் செதில் செதிலாக உரித்தது. உன் மாமா தொட்டிக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பாருக்கா, எம்புள்ள வேலைய என்று தொடையில் தட்டிச் சிரித்தான்.

அம்மாவுக்குத் தாங்கவில்லை. நான் வேலைக்குப் போயிருந்தபோது அந்த மீனை வலையில் பிடித்து ஒரு வாளிக்கு மாற்றிவிட்டு, செத்தவற்றை எடுக்கத் தொட்டிக்குள் கையை விட்டிருக்கிறாள். அவன் தூங்கி எழுந்து வந்து வாளியைப் பார்த்திருக்கிறான். நான் ஸ்பானர் பையைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறும்போது அம்மாவின் அலறல் கேட்டது. அப்படி ஒரு சத்தத்தை அவளிடமிருந்து நீ பிறந்த அன்றுகூட நான் கேட்டதில்லை. உள்ளே போனால் தொட்டியின் மூடி சாத்தியிருக்கிறது, கண்ணாடி விளிம்புக்கும் மூடிக்கும் நடுவே அவள் வலது கை, மூடிமேல் அவனுடைய இரண்டு உள்ளங்கையும். என்னைப் பார்த்ததும், கை மாட்டிக்கிச்சு மச்சான், தூக்கிட்டு இருக்கேன் என்றான். அவன் காதுக்குக் கீழே ஒன்று விட்டேன், தொட்டி ஸ்டாண்டின் மேல் விழுந்தான், முன்பக்கக் கண்ணாடி மேலிருந்து கீழ்வரை வெடித்துத் தண்ணீர் முழுதும் எங்கள்மேல் கொட்டியது. அவன் கீழே கிடந்த கண்ணாடித் துண்டை எடுத்து என் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை ஒரு கோடு இழுத்தான். நான் அவன் நெஞ்சில் முட்டி போட்டு உட்கார்ந்து பல் உடையும் வரை குத்தினேன், உடைந்த பிறகும் குத்தினேன். வாளி கவிழ்ந்து அந்த மீன் எங்கள் பக்கத்தில் துள்ளிக்கொண்டிருந்தது. கீழ்வீட்டுத் தையல்காரர் ஓடிவந்து என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தார். சண்ட போடுங்க, வேணாங்கல, தண்ணி என் கல்யாணத் துணிமேல ஒழுகுது, முதல்ல அத நிறுத்துங்கய்யா என்றார். அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

எலும்பு டாக்டர் அம்மாவின் உடைந்த இரண்டு விரலையும் பார்த்தார், தோல் உரிந்த என் விரல் முட்டிகளையும் பார்த்தார், நீங்க கொஞ்சம் வெளியே இருங்க என்று என்னைத்தான் அனுப்பினார். அவர் செய்தது சரி. ஆனால் உள்ளே தனியாக வைத்துக் கேட்டதற்கும் அம்மா, மூடி விழுந்துடுச்சு, தம்பி தூக்கத்தான் வந்தான் என்றாளாம். உனக்கும் அதையேதான் சொன்னாள், தொட்டி பழசு, ஒட்டு விட்டுவிட்டது என்று சேர்த்தும் சொன்னாள். அந்த மூடியைச் செய்தவன் நான். அதன் எடை எனக்குத் தெரியும். தானாக விழுந்தால் நகம் கறுக்கும், எலும்பு இப்படிப் போகாது. இதைச் சொன்னால், நீங்க வந்தப்ப பாதிதான பாத்தீங்க என்கிறாள். அவன் வாயில் ரத்தத்தோடு படி இறங்கும்போது, எங்கக்கா பொண்ணு இருக்கா, அவ என்னை வெளியே நிக்க வைக்க மாட்டா என்று சொல்லிவிட்டுத்தான் போனான். உன் அறையில் நீ தனியாள். உன் தொட்டி மூடி எவ்வளவு கனம் என்றுகூட எனக்குத் தெரியாது.

அத்தைக்குப் போன் போட்டேன். வாசல்ல நிக்கும்போது அவரு தங்கம்ணா, செருப்பக் கழட்டி உள்ள வெச்சிட்டார்னா அப்புறம் நம்ம பேச்சு எதுவும் அவரு காதுல விழாது என்றாள். அவளுக்கு ஒரு தோளில் கட்டு இன்னும் இருக்கிறதாம். இதையெல்லாம் படித்துவிட்டு, அப்பா மீனையும் மாமாவையும் ஒன்றாக்கித் தத்துவம் பேசுகிறார் என்று நினைக்காதே. மீன்மேல் எனக்குக் கோபமே இல்லை. நாலு பக்கமும் கண்ணாடி, அதற்குப் போக இடம் கிடையாது. இவனுக்கு வாசல் திறந்துதான் இருந்தது, வெளியே போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்திருக்கலாம்.

என் பேச்சைவிட அம்மாவின் பேச்சுதான் உனக்கு வேதவாக்கு என்று தெரியும். என்னை உன் அண்ணன் என்று நினைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், இருபதில் அப்பாவானவன் சொன்னால் யார் மதிப்பார்கள். அதனால் இதை அம்மாவுக்குப் படித்துக் காட்டாமல் அனுப்பக் கூடாது என்று அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் படித்தேன். மீன் பகுதியில், ஏங்க, புள்ள ஆசைக்கு ஒரே ஒரு கப்பி விடட்டுமே என்றாள். வெள்ளிக்கிழமை என்ற இடம் வந்ததும், உள்ள விட வேணாம், வாசல்லயே நிக்க வெச்சு ஒரு வாய் தண்ணியாச்சும் குடுக்கச் சொல்லுங்க, என்ன இருந்தாலும் நான் தூக்கி வளத்தவன் என்றாள். நான் படித்துக்கொண்டே போனேன். தூக்கிட்டு இருக்கேன் மச்சான் என்ற வரியைப் படித்ததும், நிறுத்துங்க என்றாள். கட்டுப் போட்ட கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு சொன்னதை அப்படியே எழுதுகிறேன். தூக்கல. அழுத்தினான். விடுடா வலிக்குதுன்னேன். எம்மீன எடுத்ததுக்கு மன்னிப்புக் கேளுன்னான். கேட்டேன். கேட்டதுக்கப்புறமும் அழுத்தினான், அப்பத்தான் ஒடைஞ்சுது. தண்ணி குடுக்கச் சொன்னத அடிச்சிடுங்க. நான் சொன்னேன்னு எழுதுங்க.

அந்த வரியை அடிக்கவில்லை, அவள் எங்கிருந்து எங்கே வந்தாள் என்று உனக்குத் தெரிய வேண்டும் என்பதால் விட்டுவைத்திருக்கிறேன். கட்டடக் காவலாளியிடம் இன்றே அவன் போட்டோவைக் காட்டிச் சொல்லிவை. மணி அடித்தால் உள்ளே இருந்தே பேசு, அழுதாலும் சரி, மண்டியிட்டாலும் சரி, மழையில் நனைந்தாலும் சரி. கதவை உதைத்தால் யோசிக்காமல் போலீஸ். வெள்ளிக்கிழமை காலை நான் அங்கே வந்து இறங்குகிறேன், டிக்கெட் எடுத்தாகிவிட்டது, அதுவரை தோழி வீட்டில் போய்த் தங்கினாலும் நல்லது. நீ நூறு வருஷம் எந்தக் கைக்கும் பயப்படாமல் வாழ வேண்டும், எங்கள் இரண்டு பேர் ஆசீர்வாதமும் அதுதான். சாப்பிடு, தூங்கு, கடிதம் கிடைத்ததும் கிடைத்தது என்று ஒரு வார்த்தை அனுப்பு.

இப்படிக்கு,
உன் அப்பா

கீழே இருப்பது அம்மா இடது கையால் தானே தட்டியது, எழுத்தைத் தேடித் தேடி:

தொறக்காத கண்ணு. அம்மா.