பெட்டி இல்லாத மிக்ஸி

போன செவ்வாய்க்கிழமை காலையில் எங்கள் வீட்டு மிக்ஸி செத்துப்போனது, சகலை. தேங்காயும் பொட்டுக்கடலையும் பாதி அரைபட்டிருக்கும்போது ஒரு முனகல், கொஞ்சம் புகை, அதன் பின்னாலேயே ரப்பர் கருகும் நாற்றம். "ஏங்க, ஒங்க சகலை மிக்ஸி போயிருச்சு" என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது. இத்தனை வருஷமும் எங்கள் வீட்டில் அதற்கு அதுதான் பெயர். கம்பெனியின் பெயர் எழுத்து எழுத்தாக உதிர்ந்துபோனது. உங்கள் பெயர் மட்டும் உதிரவில்லை.

நீங்கள் போய் மூன்று வருஷம் ஆகிறது. அன்றைக்கு நான் அழுதேன், மறுக்கவில்லை. ஆனால் அதில் பாதி ஆத்திர அழுகை. உங்களிடம் தீர்க்க வேண்டிய பழியில் பாதிதான் தீர்ந்திருந்தது. மீதியை என் தலையில் கட்டிவிட்டு நீங்கள் பாட்டுக்குப் படுத்துக்கொண்டீர்கள். கருகிய நாற்றம் வீடு முழுக்கப் பரவியதும் அந்த மீதி ஞாபகத்துக்கு வந்தது.

நீங்கள் அக்காவைக் கட்டியவர், நான் தங்கையைக் கட்டியவன். ராஜபாளையம் கடைத்தெருவில் உங்களுக்கு மிக்ஸி, கிரைண்டர், குக்கர் விற்கிற கடை. ஸ்ரீவில்லிபுத்தூரில் எனக்குப் பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க் வேலை. மிச்ச நேரத்தில் பத்திரிகைகளுக்குத் துணுக்கு எழுதுவேன். என் கல்யாணத்தன்று, எண்பதுகளின் கடைசியில், பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து நீங்கள் கேட்ட முதல் கேள்வி: "ஒரு துணுக்குக்கு எம்புட்டு குடுப்பான்?" பதினைந்து ரூபாய் என்றேன். "தபால் தலை போகவா, சேத்தா?" என்றீர்கள். அன்றைக்கே எனக்கு உங்கள் மேல் ஒரு இது. ஆனாலும் இலையில் எனக்கு வைத்த ஜாங்கிரியை நீங்கள் எடுத்துக்கொண்டபோது சிரித்தேன். மாப்பிள்ளை முறைப்பது மரியாதையில்லை.

தொண்ணூறுகளில் கேபிள் வந்த பிறகு ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு அந்த விலை சொல்லும் போட்டி வர ஆரம்பித்தது. எங்கள் தெருவுக்குக் கேபிள் வராத காலம். கால் கிலோ பால்கோவாவோடு குடும்பத்தோடு பஸ் ஏறி உங்கள் வீட்டுக்கு வருவோம். நீங்கள் பொட்டலத்தை உள்ளங்கையில் வைத்துப் பார்த்து, "பத்து கிராம் கொறையுது சகலை, ஒன்னைய ஏமாத்திட்டான்" என்பீர்கள். பிறகுதான் "வாங்க" என்பீர்கள்.

டிவியில் நான்கு பேர் நிற்பார்கள். ஒரு சாமானைக் காட்டுவார்கள். அதன் விலைக்கு மேலே போகாமல் கிட்டத்தில் சொன்னவர் ஜெயிப்பார். ஒரு ரூபாய் கூடிவிட்டாலும் அவுட். உங்கள் வீட்டில் அதோடு சேர்த்து இன்னொரு சட்டம். நாமும் சொல்ல வேண்டும். கூட்டிச் சொன்னவன் நாற்காலியை விட்டு எழுந்து வாசற்படி ஓரமாக, செருப்புகளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார வேண்டும். அடுத்த சாமான் வரும்வரைக்கும் அங்கேதான். எனக்குக் கடையில் பேரம் பேச வராது. கேட்டதைக் கொடுத்துவிட்டு நன்றியும் சொல்லிவிட்டு வருகிற ஜாதி. ஆகையால் எதைக் காட்டினாலும் கூட்டித்தான் சொல்வேன். அந்த நிகழ்ச்சியில் முக்கால்வாசியை உங்கள் வீட்டுச் செருப்புகளின் வாசனையோடுதான் நான் பார்த்திருக்கிறேன்.

நீங்கள் ஒரு நாள்கூட அங்கே உட்கார்ந்ததில்லை. இஸ்திரிப் பெட்டியைக் காட்டினால் மூடிய துணியை முழுசாக விலக்குவதற்குள் விலை சொல்வீர்கள். டிவியில் நிற்கிறவர்களை நீங்கள் திட்டுகிற திட்டு இருக்கிறதே! குக்கருக்கு ஒன்பதாயிரம் சொன்ன பேராசிரியரை, "இவன கடைக்கு அனுப்புனா இவனையே வித்துட்டு வந்துருவான்" என்றீர்கள். ஒரு தடவை நம் பக்கத்து அம்மா ஒருத்தர், மிதிவண்டிக்கு விலை கேட்டால், "நீங்க கடேசியா எம்புட்டுக்குத் தருவீய, அத மொதல்ல சொல்லுங்க" என்று நிகழ்ச்சி நடத்துகிற பெண்ணிடமே பேரம் பேச ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்து எங்களுக்கு வயிறு வலித்தது. நீங்கள் மட்டும் எழுந்து நின்று கை தட்டினீர்கள். "அவ ஒருத்திதாம்லே மனுசி" என்றீர்கள்.

அந்த நாட்களில்தான் உங்கள் கடையில் மிக்ஸி வாங்கினேன். ஆரஞ்சு நிறம், மூன்று ஜார். "எவ்வளவு அண்ணாச்சி?" என்றேன். வெற்றிலை வாசனையோடு காதருகே வந்து, "ஒனக்கு லாபம் வச்சா நான் மனுசனா சகலை? அசல் வெலை. ரெண்டாயிரத்து முந்நூத்தம்பது. மதினிகிட்டகூடச் சொல்லாத" என்றீர்கள். கண் கலங்கிவிட்டது எனக்கு. பெட்டி எங்கே என்று கேட்டேன். "பெட்டி எதுக்கு? பஸ்ல இடிக்கும்" என்று ஒரு பழைய வேட்டியில் சுற்றி மடியில் வைத்தீர்கள். பஸ்ஸில் மம்சாபுரம் விலக்கு ரோடு தாண்டி ஊர் வரும்வரைக்கும் அதைப் பிள்ளையைப்போலப் பிடித்துக்கொண்டு, உறவு என்றால் இதல்லவா உறவு என்று நினைத்துக்கொண்டே போனேன். அந்த நினைப்புக்காக என்னை நானே இன்னும் மன்னிக்கவில்லை.

போட்டியில் கலந்துகொள்ள நீங்கள் முப்பது தபால் அட்டை போட்டிருந்தீர்கள். நான் விளையாட்டாக ஒன்று போட்டேன். என்னைக் கூப்பிட்டார்கள். உங்கள் முகம் போன போக்கை எழுத எனக்குத் தமிழ் போதாது. ஆனாலும் சமாளித்துக்கொண்டு, "நான் ட்ரெய்னிங் தாரேன்" என்றீர்கள். மூன்று ஞாயிற்றுக்கிழமை கடையில் உட்காரவைத்து ஃபேன், டேபிள் லேம்ப், தையல் மிஷின் என்று ஒவ்வொன்றுக்கும் விலை ஒப்பிக்க வைத்தீர்கள். கடைசி நாள் நானாகவே, "மிக்ஸி ரெண்டாயிரத்து முந்நூத்தம்பது" என்றேன். நீங்கள் டீயை ஆற்றிக்கொண்டிருந்தீர்கள். டம்ளர் செத்த நேரம் அந்தரத்திலேயே நின்றது. பிறகு, "சரிதான், அடுத்தது" என்றீர்கள்.

சகலை, அந்தச் 'சரிதான்' ஒன்றைத்தான் நான் மன்னிக்கவில்லை. காசு போனது போகட்டும்.

சென்னையில் நான் கடைசிச் சுற்று வரைக்கும் வந்துவிட்டேன். நீங்கள் இரவல் கொடுத்த கட்டம் போட்ட சட்டையில், நீங்கள் கற்றுக்கொடுத்த விலைகளால். அதை மறைக்கவில்லை. இன்னும் ஒரே ஒரு சாமான். சரியாகச் சொன்னால் பிரிட்ஜ். இங்கே எங்கள் வீட்டில் ஒருத்தி அரிசி டிரம்மை நகர்த்திவிட்டு அடுப்படி மூலையைப் பிரிட்ஜுக்காகக் கழுவித் துடைத்து வைத்திருந்தாள். துணியை விலக்கினார்கள். அதே கம்பெனி, அதே ஆரஞ்சு மிக்ஸி. நான் யோசிக்கக்கூட இல்லை, ரெண்டாயிரத்து முந்நூத்தம்பது என்றேன்.

"இவ்வளவு உறுதியா எப்படி சார் சொல்றீங்க?" என்று நிகழ்ச்சி நடத்துகிற அந்தப் பெண் கேட்டார்.

"எங்க சகலை ராஜபாளையத்துல கடை வச்சிருக்காரு மேடம். எனக்கு லாபமே இல்லாம அசல் விலைக்குக் குடுத்தாரு. அந்த விலைதான் இது" என்றேன், நெஞ்சை நிமிர்த்தி.

அட்டையைத் திருப்பினார்கள். ஆயிரத்து எழுநூற்றுத் தொண்ணூற்றைந்து. அரங்கமே சிரித்தது. "உங்க சகலைக்கு எங்க வாழ்த்துகளைச் சொல்லுங்க" என்றார் அந்தப் பெண். தலையைத் தலையை ஆட்டினேன். வேறு என்ன செய்ய?

ஒளிபரப்பு ஆகும்வரை முடிவை வெளியே சொல்லக் கூடாது என்று கையெழுத்து வாங்கியிருந்தார்கள். மூன்று வாரம். ஊருக்கு வந்ததும் வீட்டில் கேட்டாள், "கையெழுத்துப் போட்டிருக்கேன்" என்றேன். துடைத்த மூலையைப் பார்க்காமலே சாப்பிட்டேன். நீங்கள் போனில் கேட்டீர்கள், உங்களிடமும் அதையே சொன்னேன். என் குரலில் இருந்த நடுக்கத்தைச் சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டு, "ஜெயிச்சிட்ட, எனக்குத் தெரிஞ்சுபோச்சு! கடை வாசல்ல டிவி வச்சு ஊருக்கே காட்டப்போறேன்" என்றீர்கள்.

அந்த இடத்தில் ஒரு நல்ல மனுஷன் "வேண்டாம் அண்ணாச்சி" என்றிருப்பான். எனக்கும் வாய் வரைக்கும் வந்தது. டம்ளர் அந்தரத்தில் நின்றது ஞாபகம் வந்தது. "சின்ன டிவி வேண்டாம். இருக்கறதுலயே பெருசா வைங்க. ரோட்டுல போறவனுக்கும் தெரியணும்" என்றேன்.

வைத்தீர்கள். இருபத்தொன்பது அங்குலம், கடைப் படிக்கட்டில், கிரைண்டர் பெட்டிகளை அடுக்கி அதன் மேல். மில்லில் ஷிப்ட் முடித்து வந்த பெண்கள், டீக்கடைக்காரர், பஸ்ஸுக்குக் காத்திருந்த வத்திராயிருப்பு ஆட்கள் என்று எழுபது எண்பது பேர். எல்லோருக்கும் உளுந்த வடை உங்கள் செலவில். "எல்லாம் நான் குடுத்த ட்ரெய்னிங்" என்று ஆள் ஆளாகப் பிடித்துச் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். நான் பின்வரிசையில் நின்றேன். அவ்வளவு நிம்மதியாக நான் வடை தின்றதே இல்லை.

கட்டம் போட்ட சட்டைக்காரன் டிவியில் உங்கள் ஊரைச் சொன்னபோது கூட்டம் விசில் அடித்தது. "லாபமே இல்லாம" என்றபோது நீங்கள் எல்லோரையும் பார்த்துக் கும்பிட்டீர்கள். கும்பிட்ட கை பிரிவதற்குள் அட்டை திரும்பிவிட்டது.

ஒரு மில்காரம்மாதான் முதலில் வாயைத் திறந்தாள். "ஏன் அண்ணாச்சி, தீவாளிக்கு எனக்குக் குக்கர் குடுத்தீயளே, அதும் அசல் வெலதானே?"

"அது வேற சரக்கும்மா..."

"பெட்டி கேட்டதுக்கு எலி கடிச்சிருச்சுன்னீய."

டீக்கடைக்காரர் விடுவாரா? "ஒங்க கடை எலிக்குப் படிக்கத் தெரியும்போல அண்ணாச்சி. வெலை போட்ட எடமாப் பாத்துல்ல கடிக்குது!"

அதற்குப் பிறகு நடந்த சிரிப்பில் கிரைண்டர் பெட்டிகள் ஆடின. மதினி உங்களைப் பார்த்த பார்வையை நான் பார்த்தேன். வீட்டுக்காரி என்னைப் பார்த்த பார்வையை நான் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியமில்லை.

கூட்டம் கலைந்ததும் நீங்கள் டிவியை அணைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றீர்கள்.

"முன்கூட்டியே சொல்லியிருந்தா டிவிய உள்ள வச்சிருப்பேன்ல, சகலை."

"நீங்க முன்கூட்டியே சொல்லியிருந்தா நான் ஆயிரத்து எழுநூறு சொல்லியிருப்பேன்ல, அண்ணாச்சி."

தட்டில் கடைசியாகக் கிடந்த வடையை இரண்டாகப் பிய்த்துப் பெரிய பாதியை நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள்.

அந்த வாரமே கடையில் ஒரு பலகை தொங்கியது: 'சாமான்கள் பெட்டியோடு மட்டுமே கொடுக்கப்படும்'. உங்கள் கையெழுத்து, சிவப்புப் பெயிண்ட். கடைத்தெருவில் யார் கூடுதலாக விலை சொன்னாலும், "சகலை விலையா சொல்றீய?" என்று கேட்கிற வழக்கம் வந்துவிட்டது. என் பழி தீர்ந்தது என்று துள்ளினேன். பத்து நாள்தான் துள்ளல். ஒரு நாள் பஸ்ஸில் கண்டக்டர் என் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "சகலை விலைக்கு மிக்ஸி வாங்குன சார்தானே நீங்க?" என்றார். ஏமாற்றியவரை ஊர் ஒரு மாதத்தில் மறந்துவிட்டது. ஏமாந்தவனை இன்றுவரை மறக்கவில்லை.

ஒளிபரப்புக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் பால்கோவாவோடு வந்தோம். நீங்கள் பொட்டலத்தை உள்ளங்கையில் வைக்காமலே உள்ளே கொடுத்துவிட்டீர்கள். போட்டி ஆரம்பித்தது. முதல் சாமானே ஒரு மிக்ஸி. வீட்டில் எல்லோரும் உங்களைப் பார்த்தோம். நீங்கள் விலை சொல்லவில்லை. எழுந்துபோய்ச் செருப்புகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டீர்கள். ஒருவரும் சொல்லாமல், நீங்களாகவே. நான் உங்கள் நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தேன். சுகமாகத்தான் இருந்தது. ஆனால் அன்றைக்கு டிவியில் இருந்தவர்களைத் திட்ட ஆளில்லை. நிகழ்ச்சி சப்பென்று போனது. அந்தச் சப்பையும் உங்கள் கணக்கில்தான் வைத்திருக்கிறேன்.

இருந்தாலும் அது மிக்ஸிக்கான பழி. பிரிட்ஜுக்கான பழி பாக்கி. அந்த மூலை ஆறு வருஷம் காலியாகக் கிடந்தது; வீம்புக்கு அவள் அரிசி டிரம்மைக்கூடத் திருப்பி வைக்கவில்லை. அதற்கு என்ன செய்யலாம் என்று நான் வருஷக்கணக்காக யோசித்து முடிப்பதற்குள்தான் நீங்கள் கிளம்பிவிட்டீர்கள்.

நேற்று புது மிக்ஸி வாங்க உங்கள் கடைக்குப் போனேன். வேறு கடைக்குப் போயிருக்கலாம். கால் அங்கேதான் போனது. உங்கள் மகன்தான் இப்போது முதலாளி. கடையைப் பெரிதாக்குகிறான். சுவரெல்லாம் புதுப் பெயிண்ட். உங்கள் பலகை இருந்த இடத்தில் ஆணி மட்டும் இருந்தது.

"வாங்க சித்தப்பா" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டான். மிக்ஸியை எடுத்து வைத்தான். எவ்வளவு என்று கேட்டேன். கடையில் வேறு யாருமே இல்லை; ஆனாலும் என் காதருகே குனிந்தான்.

"ஒங்களுக்கு லாபம் வச்சா நான் மனுசனா சித்தப்பா? அசல் வெலை."

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது, சகலை. அதே குரல், அதே மூச்சு, வெற்றிலை போடாத வாயில் அதே வெற்றிலை வாசனை. "பெட்டி?" என்றேன், மெதுவாக.

"பெட்டி எதுக்கு? பஸ்ல இடிக்கும்."

கேட்டதைக் கொடுத்தேன். பேரம் பேசவில்லை. நன்றியும் சொன்னேன்.

கிளம்பும்போது ஒரு உதவி கேட்டான். ஆவணி மாதம் புதுக்கடை திறப்பாம். கடைத்தெருவே வருமாம். அப்பாவைப் பற்றி நாலு வார்த்தை சிரிக்கச் சிரிக்கப் பேச என்னை விட்டால் ஆளில்லையாம். உங்கள் படத்துக்கு நேர் கீழே மேடை போடுகிறானாம். பேசுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு, பெட்டி இல்லாத மிக்ஸியை மடியில் வைத்துக்கொண்டு மம்சாபுரம் விலக்கு தாண்டி வந்தேன்.

இறங்கியதும் முதல் வேலையாக அவனுக்குப் போன் போட்டேன். "தம்பி, சின்ன ஸ்பீக்கர் வேண்டாம். இருக்கறதுலயே பெருசா வை. ரோட்டுல போறவனுக்கும் கேக்கணும்" என்றேன்.

"சரி சித்தப்பா" என்றான், பாவம். சந்தோஷமாக.