ஏலாது

செவன் கிங்ஸ், லண்டன்
12.11.1991

அன்புள்ள தங்கச்சி தவமலருக்கு,

உன் கடிதம் ஊரெல்லாம் சுற்றி ஒருவழியாக நேற்று என் கைக்கு வந்தது. உன் மகன் நிமலனைச் சண்டைக்குக் கேட்டு இயக்கத்து ஆட்கள் இரண்டு தரம் வீட்டுக்கு வந்து பேசிவிட்டுப் போனதாக எழுதியிருக்கிறாய். என்ன பதில் சொன்னாய் என்று எழுதவில்லை. அடுத்த வரியிலேயே மாமரம் காய்த்த கதைக்குப் போய்விட்டாய். உன்னை எனக்குத் தெரியாதா?

இங்கே சுகத்துக்குக் குறைவில்லை. உன் அத்தானுக்குப் பெற்றோல் செட்டில் இரவு ஷிப்ட். நான் பகலில் தையல், பின்னேரத்தில் நாடகம். சிரிக்காதே. ஜெர்மனியில் அகதி முகாமில் கிடந்தபோது படித்த பாஷை இப்போது உதவுகிறது. ஒரு பெரிய ஜெர்மன் எழுத்தாளரின் நாடகத்தைத் தமிழாக்கியிருக்கிறேன். அவர் பெயர் எங்கள் நடிகர்களின் வாயில் நுழையவில்லை. எல்லோருக்கும் அவர் ‘ஜெர்மன் அண்ணை’ ஆகிவிட்டார்.

அவர் பட்ட பாடு எங்களுக்குப் புதிதல்ல. அவருடைய புத்தகங்களைத் தெருவில் குவித்து எரித்தார்கள். எங்கள் நூலகம் எரிந்ததைப் பார்த்த உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஒரு பெட்டியோடு எல்லை தாண்டி வந்து, இதே லண்டனில் வாடகை அறையில் இருந்திருக்கிறார். இரண்டாவது உலகச் சண்டை தொடங்கியதும் எதிரி நாட்டுக்காரன் என்று இங்கேயும் பிடித்து அடைத்தார்கள். அங்கேயும் தன் பாஷையிலேயே எழுதினார். வாசிக்க ஆளில்லாமல் எழுதியதை, அவர் செத்து இத்தனை வருஷத்துக்குப் பிறகு இல்ஃபோர்டில் யாழ்ப்பாணத்து ஆட்கள் பாடமாக்குகிறோம். எரித்தவர்கள் என்னத்தைக் கண்டார்கள்?

நாடகத்தில் ஒரு ரொட்டிக்காரி. அரசனின் சண்டைக்கு ஆள் சேர்ப்பவர்கள் அவளுடைய மகனைக் கேட்டு வருகிறார்கள். முதலில் புகழ்கிறார்கள், பிறகு மிரட்டுகிறார்கள். அவள் வாசலை மறித்து நின்று ஒரே ஒரு சொல் சொல்கிறாள். ஜெர்மனில் அது வெறும் ‘இல்லை’. நான் ‘ஏலாது’ என்று போட்டேன். முடியாது, மாட்டேன் இரண்டையும் எங்கள் ஊரில் அந்த ஒரு சொல்தானே சொல்கிறது.

எங்களுக்கு மண்டபம் தருகிற தமிழ்ச் சங்கத்தின் தலைவர் அம்பலவாணன் அண்ணை அந்தக் காட்சியை எடுக்கச் சொன்னார். இந்த நேரத்தில் ஆட்கள் பிழையாக விளங்கிக்கொள்வார்கள், எடுக்காவிட்டால் மண்டபம் இல்லை என்றார். அவருடைய பிள்ளைகள் இரண்டு பேரும் இங்கே காசு கட்டிப் படிக்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“அண்ணை, ஏலாது,” என்றேன்.

மனிதர் எழும்பிப் போய்விட்டார். மண்டபமும் போய்விட்டது. வருகிற சனிக்கிழமை சட்டனில் ஒரு தேவாலயத்தின் பின்கூடத்தில் போடுகிறோம். ரொட்டிக்காரியாக நடிக்க இருந்த சுலோச்சனா பயந்து விலகிவிட்டாள். இப்போது ரொட்டிக்காரி நான்தான்.

லண்டனில் நின்று கத்துவது லேசு என்று நீ நினைப்பாய். உண்மைதான். எனக்கு முன்னால் கதிரைகளில் இருப்பவர்கள் கைதட்டுவார்கள். உனக்கு முன்னால் நிற்பவர்கள் யாரென்று எனக்குத் தெரியும். அதனால் வெறும் வீரம் பேச வரவில்லை. இதைக் கொண்டுவருபவர் நம்பிக்கையான ஆள். நிமலனைப் பற்றி எழுதக்கூடாத மிச்சத்தை வாயால் சொல்லுவார். அவர் சொல்லுகிறபடி செய். மாமரத்தைப் பிறகு பார்க்கலாம்.

இது உன்னிடம் வரும்போது நாடகம் முடிந்திருக்கும். நான் உன் வாசலை நினைத்துக்கொண்டுதான் அந்தச் சொல்லைச் சொல்லியிருப்பேன். நீயும் கதவைச் சாத்திக்கொண்டாவது ஒருதரம் வாய்விட்டுச் சொல்லிப் பார், தங்கச்சி. நாக்குப் பழகட்டும்.

நல்லூரான் உன் படலையில் காவல் நிற்கட்டும். இதை நீ வாசிக்கும் நேரத்திலும் நிமலன் உன் கையால் சாப்பிட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

உன் அக்கா,
வசந்தமலர்