ஒரு மொழிக்கு மட்டும் இடம்

ஸ்பிரிங்வேல், மெல்பேர்ன்
14.3.1976

அன்பின் தங்கச்சி யோகாவுக்கு,

நான் சுகம். நீயும் உன்னவரும் சேகரும் சுகமாயிருக்க வேண்டும். மூன்று வயதாகியும் பிள்ளை நாலைந்து சொல்லுக்கு மேல் பேசவில்லை என்று அழுது எழுதியிருந்தாய். பைத்தியமே, இதற்கா அழுவது? எங்கள் ஆசிரியர் கல்லூரியில் போன கிழமைதான் படித்தோம். குழந்தையின் மூளையில் மொழிக்கு இருக்கும் இடம் கொஞ்சம். இரண்டு மொழியைத் திணித்தால் ஒன்றும் வராது. உடனே தமிழை நிறுத்து. உன் இங்கிலிஷ் ஓட்டை என்றாலும் பரவாயில்லை. ரீச்சராகப் போகிறவள் சொல்கிறேன், கேள்.

அன்பு அக்கா,
நாகேஸ்வரி

நார்த்மீட், சிட்னி
2.9.1976

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் சொன்னபடியே நடக்கிறேன். சேகர் இப்போது இங்கிலிஷில் நிறையப் பேசுகிறான், எல்லாம் தகப்பனோடுதான். எனக்குத் தெரிந்தது "கம்", "ஈட்", "ஸ்லீப்". அதைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டிருப்பேன். நேற்று அவனைக் குளிக்க வார்க்கும்போது "என்ர குஞ்சு" என்றுவிட்டேன். இவர் குசினியில் தேநீர் போட்டபடியே, "யோகா, அக்கா என்ன எழுதினவா? பிள்ளையின்ர மூளையைக் குழப்பாதையும்" என்றார்.

கோபிக்காமல் ஒன்று சொல்லுங்கள். அவன் தூங்கிய பிறகு காதுக்குள் தமிழில் பேசலாமா? அதுவும் மூளைக்குள் போகுமா?

உங்கள்
யோகா

ஸ்பிரிங்வேல்
20.5.1977

என் யோகா,

பேச்சு வைத்தியர் ஒருவர் எங்கள் வகுப்புக்கு வந்தார். நான் எழும்பி உன் கதையைப் பெருமையாகச் சொன்னேன். "தாய் பிள்ளையோடு எதில் பேசுகிறார்?" என்று கேட்டார். "அனேகமாகப் பேசுவதில்லை" என்றேன். நான் உனக்குச் சொன்னது பிழை என்றார். மூளை எத்தனை மொழியையும் தாங்குமாம். சில பிள்ளைகள் பிந்திப் பேசுவார்களாம், அவ்வளவுதான்.

இன்றைக்கே தமிழில் பேசு. வாய் ஓயும்வரை பேசு. எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆகஸ்ட் லீவுக்கு நானே வந்து அவனோடு தமிழில் பேசுகிறேன்.

அக்கா

நார்த்மீட்
11.6.1977

அன்புள்ள அக்கா,

கடிதம் வந்த அன்றே, "என்ர ராசா, இஞ்ச வா" என்று கூப்பிட்டேன். ஓடிவந்து கையால் என் வாயைப் பொத்தினான். "நோ, மம்மி" என்றான். கோபமில்லை, அன்பாகத்தான். தமிழ் பேசினால் தலை நோகும் என்று தகப்பன் எப்போதோ சொல்லிக் கொடுத்திருக்கிறார். எனக்கு நோகக்கூடாது என்று பிள்ளை பார்க்கிறான்.

உங்களில் கோபமில்லை என்று எழுதத்தான் இருந்தேன். எழுத வரவில்லை. ஆகஸ்டில் வராதீர்கள், அக்கா. வந்தால் நாங்கள் இருவரும் தமிழில் பேசுவோம். யாருடைய வாயை முதலில் பொத்துவது என்று தெரியாமல் அவன் நிற்பான்.

யோகா