நிரந்தரத் தோட்டம்

மதிப்புக்குரிய பாவாவுக்கு,

ஆடிக்கிருத்திகையன்று உங்கள் தோட்டத்தில் முதல் பூவைப் பறித்தது நான்தான். ஆறு வருடமாகப் பழியை வெளியூர் பக்தர்கள் மேல் போட்டுவந்தேன்.

மலைப்படியிலிருந்து பார்த்தால் விரித்த புடவையாகத் தெரிய வேண்டுமென்று, செவ்வரளியில் கரையும் துலுக்கச் சாமந்தியில் உடலுமாக நீங்கள் வரைந்து நட்ட தோட்டம். 'நிரந்தரக் கலைப்படைப்பு' என்று கல்லும் பதித்தார்கள். நிரந்தரம் பதினோரு நாள் இருந்தது.

அந்த வேலை உங்களுக்குக் கிடைத்தால் பூக்காவடி எடுப்பதாக நான் வேண்டியிருந்தேன். அன்றைக்குப் பார்த்து அடிவாரத்துக் கடைகளில் பூ தீர்ந்துவிட்டது. என் காவடி என் தலையைப் போலவே வழுக்கையாக இருந்தது. வேலி தாண்டி நாலு சாமந்தி பறித்தேன்.

பின்னால் காவடியோடு வந்த யாரோ ஒரு அம்மா, "இன்னாப்பா, இது சாமிக்கு வச்ச தோட்டமா?" என்றாள்.

"ஆங்" என்று சொல்லித் தொலைத்தேன். மத்தியானத்துக்குள் புடவையில் ஓர் இழை மிச்சமில்லை.

மறுநாளே நீங்கள் ரயிலேறிவிட்டீர்கள். ஊர் சிரித்தது. டீக்கடையில் நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். அக்கா மட்டும், "பூ போனதுக்கா பொண்டாட்டியை வுட்டுட்டுப் போவாங்க?" என்று வருகிறவர்களையெல்லாம் கேட்டாள். இப்போது கேட்பதில்லை. போன மாதம் உங்கள் சட்டைகளைப் பாத்திரக்காரனிடம் போட்டு ஒரு குண்டான் வாங்கினாள்.

திரும்பி வாருங்கள் என்று எழுத எனக்கு முகமில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். அன்று பூவைத்தான் பறித்தார்கள், செடியை யாரும் தொடவில்லை. நீங்கள் போன இருபதாம் நாள் கரையும் உடலும் நிறம் பிசகாமல் மறுபடி பூத்திருந்தன.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்